டியூப்பில் படிந்த கறை: துடைப்பதற்கு முன் அது என்னவென்று பாருங்கள்

கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்விக்கும் லூப், அதாவது கூலன்ட் சுற்றி ஓடும் குழாய்ச் சுற்று; அதில் சிவப்பு கூலன்ட் ஊற்றி ஒன்றரை வருஷம் ஓட்டியாயிற்று. கூலன்ட்டை வடித்த பிறகும் சாஃப்ட் டியூப் ரோஸ் நிறத்திலேயே இருக்கிறது. பிராசசரிலிருந்து வெளியே வரும் துண்டு மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக வெளுத்து மங்கியிருக்கிறது. அடுத்து நீலம் ஊற்ற ஆசை. வினிகர் விட்டுக் கழுவலாமா, பிளீச் விடலாமா, இல்லை டியூப்பையே மாற்றிவிட வேண்டுமா? சூட்டை வாங்கிக் கூலன்ட்டுக்குக் கொடுக்கும் பிளாக்குகளில், கிராபிக்ஸ் கார்டு பிளாக் நிக்கல் பூச்சு, பிராசசர் பிளாக் வெறும் செம்பு. இவ்வளவுதானே உங்கள் கேள்வி.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சாயம் ஏறிய சாஃப்ட் டியூப்பைப் பழைய தெளிவுக்குக் கொண்டுவர முடியாது. மாற்றிவிடுங்கள். ஆனால் பழைய டியூப்பை இன்றே குப்பையில் போட்டுவிடாதீர்கள். கூலன்ட் தொட்டியான ரிசர்வாயரை விட்டால் லூப்பில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி அது ஒன்றுதான். பிளாக்குக்குள்ளும் ரேடியேட்டருக்குள்ளும் என்ன நடந்திருக்கிறது என்பதை அதில் படிந்திருப்பதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். டியூப்பை மட்டும் புதிதாக மாட்டிவிட்டு நீலத்தை ஊற்றியவர்கள் சில வாரத்திலேயே அதே மங்கலோடு திரும்பி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கறையை உண்டாக்கிய பொருள் உள்ளேயே இருந்தால் புது டியூப்பும் பழையதாகிவிடும்.

சரி, முதலில் சோதனை. கழற்றிய டியூப்பிலிருந்து இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைக் கூரான பிளேடால் வெட்டி, வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் உட்புற ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டும் தெரிகிறதா, சுவரின் கனத்துக்குள்ளும் இறங்கியிருக்கிறதா? அடுத்து துண்டை நீளவாக்கில் பிளந்து உட்புறத்தை விரலால் தடவுங்கள். பிசுபிசுப்பாகவோ வழவழப்பாகவோ ஏதாவது கையில் ஒட்டினால் அது படிவு. பஞ்சில் துடைத்தாலே வந்துவிடும். கையில் ஒன்றும் ஒட்டாமல் நிறம் மட்டும் நின்றால் அது பிளாஸ்டிக்குக்குள் ஊறிய சாயம். இன்னொரு துண்டை ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். வெண்மையான மங்கல் தானாகவே தெளிந்துவிட்டால், பிவிசி உறிஞ்சிக்கொண்ட தண்ணீர்தான் அந்த மங்கலுக்குக் காரணம். பலர் இதைப் பார்த்து பயந்துபோகிறார்கள். அதனால் லூப்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, கண்ணுக்குத்தான் நன்றாக இருக்காது.

சாயம் ஏன் உள்ளே இறங்குகிறது? பிவிசி இயல்பில் விறைப்பானது. வீட்டுக்குத் தண்ணீர் வரும் சாம்பல் நிறக் குழாயும் அதே பிவிசிதான். அதை வளைகிற டியூப்பாக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப்பசையுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இருக்கும். அது பிவிசியோடு வேதிப்பிணைப்பில் இல்லை, கலந்து மட்டும் நிற்கிறது. அதனால் நாளாக நாளாக மெல்ல வெளியே கசிகிறது. அந்த மென்மையான பொருளுக்குள் சாய மூலக்கூறுகளும் அதேபோல மெல்ல ஊடுருவுகின்றன. சிவப்பு இதில் மிகவும் மோசம். உள்ளே போன சாயத்தை வெளியிலிருந்து எந்தத் திரவத்தாலும் முழுக்க இழுத்துவிட முடியாது. டியூப்பைக் கெடுக்கிற அளவுக்குக் கடுமையான திரவத்தால் மட்டுமே அது முடியும். அப்படிச் சுத்தம் செய்த டியூப்பைத் திரும்ப மாட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

பிராசசரிலிருந்து வரும் தண்ணீர் சூடாக இருப்பதால் அந்தத் துண்டு மட்டும் மங்கிவிட்டது என்று நினைக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பொருந்தவில்லை. நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடுகிற லூப்பில் 300 வாட் வெப்பத்தை ஏற்றினாலும் தண்ணீரின் வெப்பநிலை ஏறக்குறைய 1 டிகிரிதான் கூடும். ஓட்டம் பாதியாகக் குறைந்தாலும் 2 டிகிரி. லூப் முழுவதும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் இருக்கிறது. எனவே வேறு காரணத்தைத் தேடுங்கள். அந்தத் துண்டு கேபினெட்டின் கண்ணாடிப் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கிறதா? அப்படியானால் பாசியைச் சந்தேகப்படலாம். படுக்கையாக, தாழ்வான இடத்தில் போகிறதா? அப்படியானால் கூலன்ட்டில் மிதந்த துகள் அங்கே தங்கியிருக்கும். வேறொரு சமயம் வாங்கிய டியூப்பா? தயாரிப்புக்குத் தயாரிப்பு பிளாஸ்டிசைசர் அளவும் தரமும் மாறும்.

மொத்தச் சூடு முக்கியம் என்பது வேறு விஷயம். கூலன்ட் பொதுவாக அறை வெப்பத்தைவிட 10, 15 டிகிரி கூடுதலாக ஓடும். மே மாதத்துச் சென்னையில் ஏசி போடாத அறை 35 டிகிரி என்றால் கூலன்ட் 45, 50-க்குப் போய்விடும். குளிர்நாடுகளில் டியூப் இரண்டு வருஷம் தெளிவாக இருந்ததாகச் சொல்வதை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள முடியாது. சூடு கூடக்கூட பிளாஸ்டிசைசர் கசிவதும் வேகமாகிறது.

இனி, கையில் ஒட்டிய படிவைப் பார்ப்போம். இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெள்ளையாக, மெழுகோ பசையோ போலக் கையில் ஒட்டினால் பெரும்பாலும் கசிந்த பிளாஸ்டிசைசர். டியூப்பில் இவ்வளவு இருந்தால் பிளாக்கின் ஃபின்களுக்கு, அதாவது உள்ளே வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகளுக்கு, நடுவே இன்னும் அதிகமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்குதான், வருகிற பசையை எல்லாம் வடிகட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழவழப்பாக, நாற்றத்தோடு, இழை இழையாக வந்தால் அது உயிர்ப்பொருள்: பாசியோ பாக்டீரியாப் படலமோ. வெளிச்சமே படாத இடத்தில் கூட பாக்டீரியா வளரும் என்பதை மறக்க வேண்டாம். நிறமான பொடியாக உதிர்ந்தால், பால்போல ஒளி ஊடுருவாத வகை கூலன்ட்டின் துகள்கள் பிரிந்து அடங்கிவிட்டன. பச்சையோ நீலப்பச்சையோ தெரிந்தால் செம்பு கரைந்து வந்திருக்கிறது; ரேடியேட்டரைப் பற்றவைத்தபோது மிச்சமான ஃப்ளக்ஸ் என்ற பற்றவைப்புப் பசை, அல்லது கூலன்ட் அமிலமாகிப்போனது, இந்த இரண்டும் வழக்கமான காரணங்கள். வெள்ளை ஜெல்லி மாதிரிக் கெட்டியாக இருந்தால் உடனே நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் அலுமினியமா என்று பாருங்கள். அலுமினியமும் செம்பும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். எந்தக் கூலன்ட்டாலும் அதை நம்பும்படி நிறுத்த முடியாது, எவ்வளவு சுத்தம் செய்தாலும் பயனில்லை. ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும்.

குழாய்த் தண்ணீரோ போர்த் தண்ணீரோ ஊற்றியிருந்தால் சொரசொரப்பான வெள்ளைப் படிவு வரும். அது சுண்ணாம்பு உப்பு. டியூப்பிலிருந்து அதை எடுப்பது எளிது: மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து, கழற்றிய டியூப்பில் நிரப்பி அரைமணி நேரம் வைத்தால் கரைந்து வந்துவிடும்.

டியூப்பை இப்போதைக்கு மாற்ற வழியில்லை, படிவை மட்டும் எடுத்துவிட்டு இன்னும் சில மாதம் ஓட்ட வேண்டும் என்றால் திரவத்தைவிடத் தேய்ப்புதான் வேலை செய்யும். எல்லாத் துண்டையும் லூப்பிலிருந்து கழற்றுங்கள். தூண்டில் நரம்பின் ஒரு முனையில் சின்ன நட் ஒன்றைக் கட்டி டியூப்புக்குள் விட்டு, சரித்துச் சரித்து மறுபக்கம் வரவழையுங்கள். மறுமுனையில் டியூப்பின் உள்விட்டத்தைவிடச் சற்றே பருமனாக மென்மையான பருத்தித் துணியைச் சுருட்டி இறுக்கிக் கட்டி, பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து ஒரே இழுப்பாக இழுங்கள். துணியில் என்ன நிறம் வருகிறதென்று பாருங்கள். புதுத் துணி கட்டித் திரும்பத் திரும்ப இழுத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை செய்யுங்கள். பிறகு நுரை சுத்தமாகப் போகும்வரை அலச வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் பம்ப் ஓடும்போது ரிசர்வாயர் முழுக்க நுரைத்துக்கொண்டு நிற்கும், அதை வெளியேற்றுவது பெரும்பாடு. கடைசி அலசல் டிஸ்டில்ட் வாட்டரில். கம்பிப் பிரஷ் வேண்டாம். உட்புறத்தில் கீறல் விழுந்தால் அடுத்த படிவு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

கொதிக்கும் தண்ணீரை விடலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். சாஃப்ட் டியூப் இளகி உருமாறும், முனை தளர்ந்து, டியூப்பை மாட்டும் இணைப்பான ஃபிட்டிங்கில் பிடிப்பும் போய்விடும். ஒருமுறை ஃபிட்டிங்கில் இறுக்கிய முனையைத் திரும்ப அதே இடத்தில் மாட்டவும் கூடாது. நசுங்கிய ஒரு சென்டிமீட்டரை நேராக வெட்டி எடுத்துவிட்டு மாட்டுங்கள். நீளம் போதாவிட்டால் புது டியூப்தான்.

வினிகரும் பிளீச்சும் பற்றிக் கேட்டீர்கள். பிளீச் லூப்புக்குள் எந்த நிலையிலும் போகக் கூடாது. அதிலிருக்கும் ஹைப்போகுளோரைட் செம்பு, நிக்கல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாவற்றையும் அரிக்கும். தனியாகக் கழற்றிய டியூப்பில் விட்டாலும் மேலாகப் படிந்த சாயம் வெளுக்கலாமே தவிர, சுவருக்குள் ஊறியது அப்படியே நிற்கும். இதைவிட முக்கியமானது ஒன்று: பிளீச்சையும் வினிகரையும், அல்லது எலுமிச்சை உப்பையும், ஒன்றன்பின் ஒன்றாகக்கூட ஒரே பாத்திரத்தில் பயன்படுத்தாதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிட், சானிடைசர் வகைகள் அக்ரிலிக்கில் பட்டால் நுண்விரிசல் விழும். ரிசர்வாயரும் பிளாக்கின் மேல்மூடியும் பெரும்பாலும் அக்ரிலிக் என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அசிட்டோன், அதாவது நெயில் பாலிஷ் ரிமூவர், அக்ரிலிக்கையே கரைத்துவிடும்.

வினிகருக்கு இடம் உண்டு, ஆனால் டியூப்பில் இல்லை, உங்கள் பிராசசர் பிளாக்கில். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போலத்தான் இதுவும்: அமிலம் செம்பின் மேல் படர்ந்த கருமையைக் கரைக்கிறது. வெறும் செம்பு என்பதால், கழற்றிய அடித்தட்டை மட்டும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவைத்து, மென்மையான டூத்பிரஷால் ஃபின்கள் போகும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் ஃபின் வளைந்துவிடும். அப்புறம் நன்றாக அலசி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை முக்கி அமிலத்தை முறித்து, மறுபடி டிஸ்டில்ட் வாட்டரில் அலசி உடனே துடையுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு பிளாக்கில் வினிகர் துளிகூட வேண்டாம். நிக்கல் பூச்சு மைக்ரான் கணக்கில்தான் இருக்கும்; அதில் எங்கேயாவது ஊசித்துளை இருந்தால் அமிலம் அடியிலுள்ள செம்பைத் தொட்டுப் பூச்சை உரித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட், மென்மையான பிரஷ், பொறுமை. அவ்வளவு போதும். தேய்க்கும்போது வெள்ளிநிறத்துக்கு நடுவே செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பூச்சு போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதோடும் ஓட்டலாம், ஆனால் அரிப்புத் தடுப்புப் பொருள் உள்ள கூலன்ட் மட்டுமே ஊற்ற வேண்டும். பல பிளாக்குகளில் ஜெட் பிளேட் என்று ஃபின்களுக்கு மேலே ஒரு மெல்லிய தகடு இருக்கும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைக் கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்தத் துளையில் நுழைந்து எதில் வெளியேறுகிறது என்பதையும் சேர்த்துத்தான். மூடும்போது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வரிப்பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்குரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அக்ரிலிக் மூடி விரிசல் விடும்.

ரேடியேட்டர்தான் சிவப்பு ஒளிந்திருக்கும் இடம். வடித்துவிட்டோம் என்று நினைத்தாலும் மெல்லிய குழல்களுக்குள் ஒரு பங்கு நின்றுவிடும். அதன்மேல் நீலத்தை ஊற்றினால் கிடைப்பது மங்கிய ஊதா. ரேடியேட்டரைக் கழற்றிப் பாதியளவு வெந்நீர் நிரப்பி, ஓட்டைகளை மூடியால் அடைத்து, இரண்டு மூன்று நிமிஷம் நன்றாகக் குலுக்கி, வெள்ளைத் துணி வழியாக ஊற்றுங்கள். துணியில் என்ன துகள் தங்குகிறது என்று பார்த்தால் உள்ளே எவ்வளவு இருந்தது என்பது தெரிந்துவிடும். நிறமும் துகளும் நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். முதல் சில தடவைக்குக் குழாய்த் தண்ணீர் போதும், கடைசி இரண்டு தடவையாவது டிஸ்டில்ட் வாட்டர். பச்சைப் படிவு தெரிந்திருந்தால் இதுமட்டும் போதாது, இதற்கென்றே விற்கும் கிளீனர் வேண்டும். உதாரணமாக மேஹெம்ஸ் நிறுவனத்தின் பிளிட்ஸ் இரண்டு பாகமாக வருகிறது. முதல் பாகம் அமிலம், அது ரேடியேட்டருக்கு மட்டும். இரண்டாவது பாகம்தான் முழு லூப்பிலும் ஓட்டுவது. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் பிளாக் கெட்டுவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

விறைப்பான ஹார்ட் டியூப் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. அந்த டியூப்பைச் செய்யும் அக்ரிலிக், பி.இ.டி.ஜி. என்ற இரண்டு பிளாஸ்டிக்கிலும் பிளாஸ்டிசைசர் இல்லை, அதனால் சாயம் சாஃப்ட் டியூப்பைப் போல ஊறுவதில்லை. சோப்புத் தண்ணீரும் பால்பாட்டில் கழுவும் நீளப் பிரஷும் இருந்தாலே தெளிந்துவிடும். பி.இ.டி.ஜி. மட்டும் சூட்டுக்கு ஆகாது; 60 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் கழுவினால் வளைந்துபோகும் ஆபத்து உண்டு.

இப்போது புது டியூப். ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வாங்கும் லெவல் டியூப்பை மலிவாகக் கிடைக்கிறதே என்று மாட்டிவிடாதீர்கள். சுவர் மெல்லியது, திருப்பத்தில் மடங்கி ஓட்டத்தை அடைத்துவிடும், நம் ஊர்ச் சூட்டில் மாதக்கணக்காக ஓடுவதற்காகச் செய்ததும் இல்லை. நிறம் வெளியே தெரிந்தாக வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் என் சிபாரிசு இ.பி.டி.எம். ரப்பர் டியூப்தான். கறுப்பு, உள்ளே என்ன நிறம் என்று தெரியாது. ஆனால் பிவிசி டியூப்பைப் போலக் கசிந்து மங்குவதில்லை, வெளிச்சமும் உள்ளே போகாது, இந்தக் கறைத் தொல்லையே இருக்காது. ரிசர்வாயரில் நிறம் தெரிந்தாலே போதுமே என்று பலர் பிறகு இதற்குத்தான் வருகிறார்கள்.

தெளிவான டியூப்பே வேண்டும் என்றால், நிறமில்லாத கூலன்ட்டை ஊற்றி எல்இடி வெளிச்சத்தால் நீலம் காட்டுங்கள். அதுதான் நீண்ட நாள் நிற்கும். நீலச் சாயமே வேண்டும் என்றாலும் ஊற்றலாம், தவறில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன் என்ற எண்ணத்தோடு ஊற்றுங்கள். ஒளி ஊடுருவாத பேஸ்டல் வகைகளையும், மினுமினுக்கும் துகள் கலந்தவற்றையும் தினம் ஓடும் கம்ப்யூட்டருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மினுமினுப்பு வகை, கண்காட்சிக்கு வைக்கும் கம்ப்யூட்டர்களுக்கானது. சொந்தமாகக் கலப்பவர்கள் ஜெர்மனியில் வெகுநாளாகச் செய்வது, டிஸ்டில்ட் வாட்டரில் கிளைசான்டின் ஜி48 என்ற கார் கூலன்ட்டைக் கொஞ்சம் சேர்ப்பது. பார்க்க அலங்காரமாக இருக்காது, ஆனால் அரிப்பையும் வளர்ச்சியையும் நன்றாகத் தடுக்கிறது. அதில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது, இனிப்பாக இருக்கும், விஷம். வடித்த கூலன்ட்டைக் குழந்தையோ பூனையோ நாயோ எட்டுகிற இடத்தில் திறந்து வைக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியதும் நேராக நீலத்தை ஊற்ற வேண்டாம். முதலில் டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டுங்கள். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் இணைப்பைக் கழற்றி, அதில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் ஜம்பரால் இணைத்தால் பவர் சப்ளை தனியாக இயங்கும். உங்கள் வயர்கள் எல்லாமே கறுப்பாக இருந்தால் பச்சைக்குரிய இடம் 16-ஆவது பின். இணைப்பதற்கு முன் பவர் சப்ளையின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு நாள் முழுக்க ஓடட்டும். ஈரம் இல்லையென்றால் கொஞ்சம் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் வடித்துப் பாருங்கள். ரோஸ் சாயல் தெரிந்தால் வடித்துவிட்டு இன்னொரு முறை டிஸ்டில்ட் வாட்டர். கிண்ணத்தில் நிறமே தெரியாத பிறகுதான் நீலம்.

கிராபிக்ஸ் கார்டு பிளாக்கைத் திறந்ததும் ஃபின் பகுதியைக் கிட்டத்தில் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நிக்கல் எந்த அளவுக்கு நிற்கிறது என்று பார்த்துவிட்டு, எந்தக் கூலன்ட் என்பதை முடிவு செய்யலாம்.